கிரியோல் என்பதைக் 'கலப்பு' என்று எழுதலாமா?

வரைகோடு:

ஒரு சிறுபத்திரிகைக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். கரீபியன் தீவுகளிலும் இந்தியப் பெருங்கடல் தீவுகளிலும் இன்று வேலை செய்யும் ஓவியர்கள், சிற்பிகளைப் பற்றியது. அங்கே 'கிரியோல்' என்ற சொல் இல்லாமல் ஒரு பத்தி நகராது. பல நாடுகளிலிருந்து தீவுகளுக்குக் கொண்டுவரப்பட்டவர்களிடையே புதிதாகப் பிறந்த பண்பாட்டையும் மொழியையும் மக்களையும் குறிக்கும் சொல் அது. நான் அதைக் 'கலப்பினப் பண்பாடு' என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்து, "இது மாட்டுப் பண்ணைச் சொல், வேறு பாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சொன்னது சரிதான்.

சொல் கிடக்கட்டும், எனக்கு அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. கரீபியன் தீவான குவாதலூப்பைச் சேர்ந்த கெல்லி சின்னப்பா மேரியின் ஓவியங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1981இல் பிறந்தவர். பெயரிலேயே சின்னப்பா இருக்கிறார். ஆனாலும் தன்னை ஆப்பிரிக்க வம்சாவளி என்றே நினைத்து வளர்ந்தவர் அவர். முன்னோர்கள் தென்னிந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் என்பது பெரியவரான பிறகுதான் தெரிந்தது. அவர் வரையும் பெண்களின் தோல்மேல் இலையும் கொடியுமாகப் படர்ந்திருக்கும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிறுவர் மலரில் 'ஒளிந்திருக்கும் பத்துப் பொருள்களைக் கண்டுபிடி' என்று வருமே, அந்த மாதிரி 'இதில் தமிழ் எங்கே' என்று தேட ஆரம்பித்தேன். அந்தக் கொடி மருதாணியா? அந்தப் பின்னல் நம்முடையதா? அரை மணி நேரம் போன பிறகு எனக்கே கூச்சமாகிவிட்டது.

இது தமிழ், இது ஆப்பிரிக்கா, இது பிரான்ஸ் என்று கூறுபோட்டுப் பார்ப்பது தப்பு என்று தோன்றுகிறது. வேறு எப்படிப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை. அந்தப் பக்கம் வாழ்ந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


அரைப்பக்கம்:

'கதம்பம்' என்று போடுங்கள். நல்ல தமிழ். பூவும் ஆச்சு, பிரசாதமும் ஆச்சு.


பழைய பாஸ்போர்ட்:

கதம்பம் வேண்டாம். நாரை அவிழ்த்தால் மரிக்கொழுந்து தனி, கனகாம்பரம் தனி என்று வந்துவிடும். இது அப்படி அவிழாது.

நான் இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் ஆறு வருடம் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். ஓவியம் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் நீங்கள் அரை மணி நேரம் விளையாடிய விளையாட்டை நான் முதல் இரண்டு வருடம் முழுக்க விளையாடியிருக்கிறேன்.

அங்கே போய் இறங்கியவுடன் காதில் தமிழாக விழும். சந்தையில் கீரைக்கட்டு ஒன்றைக் காட்டி 'ப்ரேத் முருங்' என்பார்கள். பார்த்தால் முருங்கைக்கீரை. சோற்றுக்குப் பக்கத்தில் 'ருகாய்' வைப்பார்கள். நம் ஊறுகாய்தான் பெயர் தேய்ந்து அப்படி ஆனது. எனக்கு ஒரே குஷி. ஆனால் தட்டில் இருந்தது ஊறுகாய் இல்லை. தக்காளியும் வெங்காயமும் மிளகாயும் அப்போதே நறுக்கிப் பிசைந்தது. அது போதாதென்று பன்றித் தொத்திறைச்சியைத் தக்காளியில் வேகவைத்து அதையும் ருகாய் என்கிறார்கள். அதுதான் அந்தத் தீவுக்கே அடையாளமான சாப்பாடு. உடன் வேலை பார்த்த ஓர் ஆசிரியையிடம், "இது ஊறுகாய் இல்லையம்மா, உண்மையான ஊறுகாய் எப்படி இருக்கும் தெரியுமா" என்று ஆரம்பித்தேன். அவர் தமிழ் வம்சாவளி. அங்கே 'மல்பார்' என்பார்கள், மலபாருக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் கிடையாது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்கள் வீட்டில் இதுதான் ருகாய். உங்கள் வீட்டில் இருப்பதற்கு என்ன பெயர் வைத்துக்கொள்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்."

அதற்கப்புறமும் எனக்கு உடனே புத்தி வரவில்லை. தீமிதி பார்க்கப் போனேன். பாஞ்சாலி அங்கே 'பண்டியாலே'. மதுரை வீரன் 'மர்தெவிரேன்'. கோயில் வளாகத்தில் கொடிமரம் நட்டு 'நர்குலான்' என்று ஒரு சாமியைக் கும்பிடுகிறார்கள். விசாரித்தால் நாகூர் ஆண்டவர்! நாகூர் தர்காவுக்கு இந்துக்கள் போவது நமக்குப் புதிதில்லை. ஆனால் இங்கே தர்காவே கடலைத் தாண்டி வந்து கோயிலுக்குள் கொடிமரமாக நிற்கிறது. நான் ஒரு நோட்டுப் போட்டு இரண்டு பத்தியாகக் கோடு கிழித்து, இடப்பக்கம் 'சரியானது', வலப்பக்கம் 'திரிந்தது' என்று எழுதி வந்தேன். கணக்கு வாத்தியார் புத்தி. இப்போது அந்த நோட்டை எடுத்துப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

நோட்டை நிறுத்த வைத்தவர் ஒரு கத்தோலிக்கப் புனிதர். தீவு முழுக்கச் சாலையோரத்தில் சின்னச் சின்ன மாடங்கள், எல்லாம் ரத்தச் சிவப்பு. உள்ளே ரோமானிய வீரன் உடையில் சேன் எக்ஸ்பெதித். அவசரக் காரியங்களை முடித்துக் கொடுப்பவர். கத்தோலிக்கர்கள் வேண்டுவார்கள், மல்பார்கள் வேண்டுவார்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினரும் வேண்டுவார்கள். வேண்டுதல் பலிக்காவிட்டால் சிலையின் தலையை உடைத்துவிடுவதும் உண்டு. தலையில்லாத சிலைகளை நானே பார்த்திருக்கிறேன். இதை என் நோட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது? சிவப்பு அம்மன் சிவப்பா? உடை ரோமாபுரியா? தலையை உடைக்கிற கோபம் எந்த நாட்டுக் கோபம்? பத்தி பிரிக்க முடியவில்லை. அன்றோடு நோட்டை மூடினேன்.

பிறகுதான் எதுவார் கிளிசான் என்ற எழுத்தாளர் எழுதியதைப் படித்தேன். கரீபியனில் உள்ள மர்த்தினிக் தீவில் 1928இல் பிறந்தவர், 2011இல் மறைந்தார். அவர் கலப்பு வேறு, கிரியோலாவது வேறு என்கிறார். கலப்பில் விளைவை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். இந்தச் செடியில் அந்தச் செடியை ஒட்டுப்போட்டால் எது காய்க்கும் என்று தோட்டக்காரனுக்குத் தெரியும். கிரியோலாவதில் அப்படித் தெரியாது. போட்டவற்றின் கூட்டுத்தொகையில் இல்லாத ஒன்று வந்து நிற்கும். ருகாய் மாதிரி. உங்கள் ஆசிரியர் 'மாட்டுப் பண்ணை' என்று விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, குறி தவறவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். யாரும் ஆசைப்பட்டுப் போய்க் கலந்ததில்லை இது. ரீயூனியனில் அடிமைமுறை ஒழிந்தது 1848 டிசம்பர் 20. கரும்பு வெட்ட ஆள் வேண்டும், ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். உங்கள் குவாதலூப்புக்கு 'ஒரேலி' என்ற கப்பல் முதல் கூட்டத்தை இறக்கியது 1854 டிசம்பர் 24 அன்று. அதிலிருந்து 1880கள் வரை சுமார் 42,000 பேர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றப்பட்டவர்கள் அவர்களில் ஏராளம். பேசின மொழி இரண்டு மூன்று தலைமுறையில் வீட்டிலிருந்து போய்விட்டது. சாமிக்குச் சொல்லும் சொல் மட்டும் பொருள் தெரியாமல் வாயில் நின்றது. சாமி பெயர் திரிந்ததை நான் 'பிழை' என்று நோட்டில் குறித்தேன். அந்தப் பிழைக்குள்தான் ஒரு கப்பல் பயணமே இருக்கிறது.

கலைக்கு வருகிறேன். வில்யம் ஸித் என்று ஒரு ரீயூனியன் ஓவியர். பாழடைந்த சுவர்களில் தகட்டு அச்சு வைத்து 'காஃப்' முகங்களைப் பதித்தவர். ஆப்பிரிக்க வம்சாவளியினரைக் குறிக்கும் சொல் அது, இழிசொல்லாகப் புழங்கியது. அதையே எடுத்துத் தன் கலையின் தலைப்பாக வைத்துக்கொண்டார். சாக்குத் துணியிலும் வரைந்தார். அந்தச் சாக்குக்கு அங்கே பெயர் 'கோனி'. நம்ம கோணி! நான் பழைய வழக்கப்படி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மகிழ்ந்தேன், பார் எங்கள் கோணி என்று. அதில் இருந்த முகத்தைப் பார்க்கவே இல்லை. மூட்டை சுமந்தவனின் முகத்தை அந்த மூட்டைத் துணியிலேயே வரைந்திருக்கிறார் மனிதர், நான் துணிக்கு உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தேன்.

உங்கள் சின்னப்பா மேரிக்கு இப்போது வாருங்கள். அவருடைய தொடர் ஒன்றின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'திரும்பாமையின் குறிப்பேடு' என்று வரும். மர்த்தினிக் கவிஞர் எமே செசேர் 1939இல் எழுதிய நீள்கவிதை 'தாய்மண்ணுக்குத் திரும்புதலின் குறிப்பேடு'. அந்தத் தலைப்பில் ஒரு 'இல்லை'யைச் செருகியிருக்கிறார் இவர். நீங்களும் நானும் படத்துக்குள் தமிழைத் தேடுவது 'வாம்மா வீட்டுக்கு' என்று கூப்பிடுவது மாதிரி. அவரோ வாசலிலேயே திரும்பி வருவதாக இல்லை என்று எழுதி மாட்டிவிட்டார். எதிலிருந்து வந்தாள் என்று கேட்காமல், அந்தத் தோலில் இலை முளைத்த பெண் இப்போது என்னவாக நிற்கிறாள் என்று பாருங்கள். அதுவும் முழுக்கப் புரியாது. புரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. கிளிசான் அதற்கு ஓர் உரிமையே கேட்டார், ஒளிபுகாமல் இருக்கும் உரிமை. என்னை முழுக்கப் புரிந்துகொண்டால்தான் மதிப்பேன் என்று சொல்லாதே என்பது அதன் சாரம்.

மிகவும் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். வாத்தியாரிடம் கேள்வி கேட்டால் இப்படித்தான்.


உப்புக்காற்று:

வாத்தியார் சொன்னது அழகு. ஆனால் மொரீஷியஸில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இந்தச் சொல்லே ஒரு முள். உங்கள் கட்டுரையில் 'தீவுகளில் எல்லாரும் கிரியோல்தான்' என்று எழுதிவிடாதீர்கள். இங்கே 'கிரியோல்' என்றால் பெரும்பாலும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர், மலகாசியர் (மடகாஸ்கர் தீவினர்) வழிவந்தவர்களைக் குறிக்கும். வீட்டில், பேருந்தில், மீன் கடையில் எல்லோரும் பேசுவது கிரியோல் மொழி. ஆனால் பேசுகிற தமிழரிடம் "நீங்கள் கிரியோலா" என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

உதாரணம் வேண்டுமா? எங்கள் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்தோடு தமிழும் இந்தியும் உண்டு. 1998இல் புதிய நோட்டு வந்தபோது தமிழுக்கு மேலே இந்தியைப் போட்டுவிட்டார்கள். தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அரசு நோட்டுகளைத் திரும்பப் பெற்று, வரிசையைப் பழையபடி மாற்றி மறுபடி அச்சிட்டது. இந்தச் சண்டையை இரண்டு தரப்பும் போட்டது எந்த மொழியில் என்று நினைக்கிறீர்கள்? பாதிக்கு மேல் கிரியோலில்தான்! அந்த மொழிக்கு மட்டும் நோட்டில் இடமில்லை.

நினைவுச்சின்னங்களைப் பாருங்கள். ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தப்பியோடிய அடிமைகள் ஒளிந்திருந்த லெ மோர்ன் மலை 2008இல். இரண்டும் ஒரே சின்னத் தீவில், ஒன்றரை மணி நேரப் பயணம்கூட இல்லை. இரண்டுக்கும் போகும் கூட்டம் வேறு வேறு.

இதனால்தான் உலகக் கலைக்காட்சிகள் 'கிரியோல்' என்று கொண்டாடும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல். டாக்குமென்டா என்பது ஜெர்மனியில் நடக்கும் பெரிய கலைக்காட்சி. ஒக்வி என்வேசர் இயக்கிய அதன் 11ஆவது பதிப்பு, அங்கே காட்சி திறக்கும் முன்பே 2002 ஜனவரியில் கரீபியன் தீவான செயின்ட் லூசியாவில் இதைப் பற்றி ஓர் அமர்வு நடத்தியது. இந்தச் சொல்லைத் தீவுகளுக்கு வெளியே எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பது அங்கேயே பெரிய கேள்வி. அதற்குப் பிறகு நிறையப் பேர் கேள்வியை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாட்டுப் பாட்டைச் சேர்த்தால் கிரியோல், இரண்டு நாட்டுத் துணியைத் தைத்தால் கிரியோல். அடிமைகள் வாங்கிய சவுக்கடி எங்கே போயிற்று?

ஹ்யூ லாக் மாதிரிக் கலைஞர்கள்மேல் எனக்கு அந்தக் கோபம் இல்லை. எடின்பரோவில் பிறந்து கயானாவில் வளர்ந்தவர். 2022இல் லண்டன் டேட் பிரிட்டன் கலைக்கூடத்து மண்டபத்தில் கிட்டத்தட்ட 150 உருவங்களை ஊர்வலமாக நிறுத்தினார். திருவிழா மாதிரி இருக்கும், கிட்டே போனால் ஆட்களின் உடையில் பழைய கம்பெனிப் பங்குப் பத்திரங்களும் தோட்டத்துப் படங்களும். டேட் என்ற பெயரே சர்க்கரைக் கம்பெனிக்காரரிடமிருந்து வந்தது. வண்ணத்தையும் கணக்கையும் ஒன்றாக உடுத்திவிட்டார். கட்டுரையில் யாரைச் சேர்ப்பது என்று யோசித்தால் இந்த மாதிரி ஆளைச் சேருங்கள்.


பழைய பாஸ்போர்ட்:

உப்புக்காற்று சொல்வதை ஏற்கிறேன். ரீயூனியனில் அந்தச் சொல் எல்லோரையும் அணைத்துக்கொள்ளும், கடலுக்கு அந்தப் பக்கம் 200 கிலோமீட்டர் தள்ளி அதுவே ஒரு பிரிவின் பெயர். நான் அணைத்துக்கொள்ளும் பக்கம் இருந்துவிட்டு வந்தவன் என்பதால் எனக்கு இனிப்பாகத் தெரிகிறது.


கட்டம்போட்ட சட்டை:

கலை கிலை எனக்குத் தெரியாது. துணி தெரியும். 20 வருடத்துக்கு மேல் ஏற்றுமதிக் கிடங்கில் கைத்தறித் துணி பிரித்துப் பார்த்துத் தரம் போடும் வேலை. வெளிச்சத்துக்கு எதிராகத் துணியைப் பிடிப்பேன். ஓர் இழை விட்டிருந்தால் போதும், கழித்துப் போட்டுவிடுவேன். நெசவாளி முகத்தைப் பார்க்கக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மெட்ராஸ் கட்டத் துணி என்று உலகம் சொல்லும் துணி குவாதலூப்பிலும் மர்த்தினிக்கிலும் பெண்களின் பாரம்பரிய உடையாகிவிட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே அதன் பெயரே 'மத்ராஸ்'. ஆனால் வந்த துணியை வந்தபடி கட்டவில்லை. வெளிர் கட்டங்களின்மேல் மஞ்சள் வண்ணத்தைப் பசையோடு குழைத்துக் கையால் தீட்டி விறைப்பாக்கித் தலையில் கட்டினார்கள். அந்தத் தீட்டும் வேலைக்கென்றே பெண்கள் இருந்தார்கள். தலைக்கட்டில் எத்தனை முனை நிமிர்ந்திருக்கிறது என்பதை வைத்து, மனசு காலியா, யாருக்காவது கொடுத்தாயிற்றா என்று சொல்வார்களாம்.

நான் சொல்ல வந்தது அதைவிட வேறு. நைஜீரியாவில் கலபாரி என்று ஒரு மக்கள், ஆற்று முகத்துவாரத் தீவுகளில் இருப்பவர்கள். அதே கட்டத் துணியை அவர்களும் பல தலைமுறையாக வாங்குகிறார்கள், 'இஞ்ஜிரி' என்பார்கள். வாங்கியதும் அவர்கள் வீட்டுப் பெண்கள் ஊசியால் இழையைத் தூக்கி, பிளேடால் அறுத்து, உருவி எடுத்துவிடுவார்கள். நெய்ததில் நிறைய இழை போகும். எஞ்சியதில் புதிதாக ஒரு கோலம் தெரியும், வலை மாதிரி. அதற்குப் 'பெலெதே பிதே' என்று பெயர், அறுத்த துணி என்று அர்த்தம். அங்கே மதிப்பு அதற்குத்தான்.

அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது நான் கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். இழை விட்ட துணியை வாழ்நாள் முழுக்கக் கழித்தவன் நான். அவர்கள் இழையை விடவைத்து அதைத் தங்கள் துணி ஆக்கியிருக்கிறார்கள். நீங்கள் எல்லோரும் கலந்தது, சேர்ந்தது என்றே பேசுகிறீர்கள். இங்கே ஒன்றையும் சேர்க்கவில்லை. எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கண்காட்சிகளில் யின்கா ஷோனிபாரே என்பவர் ஆப்பிரிக்கத் துணி வைத்துச் செய்வதை எல்லோரும் காட்டுவார்கள். அந்தத் துணி இந்தோனேசிய பாட்டிக்கைப் பார்த்து டச்சுக்காரன் ஆலையில் அச்சடித்து மேற்கு ஆப்பிரிக்காவில் விற்றது, அவர் அதை லண்டன் சந்தையில் வாங்கினார். நல்ல கதைதான். 2010இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் பெரிய பாட்டிலுக்குள் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் கப்பலை வைத்து, பாய்மரத்துக்கெல்லாம் அந்தத் துணியைக் கட்டினார். எனக்குக் கலபாரிக் கிழவிகள்தான் பெரிய ஆர்ட்டிஸ்ட்.


வரைகோடு:

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியரிடம் 'கிரியோல்' என்றே தமிழில் எழுதிவிடுகிறேன், மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "அடிக்குறிப்பு?" என்று கேட்டார். அதுவும் வேண்டாம் என்றேன். முதல் பத்தியில் ருகாய் வருகிறது. வாத்தியார் சார் அனுமதித்தால் அந்த நோட்டும் வரும். சின்னப்பா மேரியைப் பற்றிய பகுதியில் 'தமிழ் வேர்' என்ற சொல் நான்கு இடத்தில் இருந்தது. மூன்றை அடித்துவிட்டேன். நான்காவதை அடிக்கக் கை வரவில்லை, பெயரில் சின்னப்பா என்று இருக்கிறதே. உப்புக்காற்று, நோட்டுச் சண்டைக்குத் தனியாக ஒரு பெட்டிச் செய்தி கேட்டிருக்கிறேன்.

கட்டம்போட்ட சட்டை அண்ணா, ஒரு சந்தேகம். இவ்வளவு இழையை உருவிவிட்டால் துணி நிற்குமா? கிழிந்துவிடாதா?


கட்டம்போட்ட சட்டை:

நிற்கும். பெரும்பாலும் வெளிர் இழையைத்தான் எடுப்பார்கள், அடர்நிறம் மிஞ்சும். குறுக்கும் நெடுக்கும் எவ்வளவு விடலாம் என்ற கணக்கு அந்தக் கைக்குத் தெரியும். துணி மெல்லிசாகி இன்னும் மிருதுவாகிவிடும். இடுப்பில் கட்டுவார்கள், பெரியவர்கள் செத்தால் கிடத்தும் கட்டிலை அலங்கரிக்கவும் பெட்டியிலிருந்து எடுப்பார்கள். தலைமுறை தாண்டி வருகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் கழித்துப் போட்டதெல்லாம் துடைக்கும் துணியாகப் போனது.


பழைய பாஸ்போர்ட்:

நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'திரிந்தது' என்ற பத்தியை மட்டும் போடுங்கள், இடப்பக்கம் வேண்டாம்.